எழுத்து நின்ற ஒன்பது நொடி

தொலைக்காட்சி நிலையத்தில் அவளுக்கென்று ஒரு பதவிப் பெயர் இருந்தது. அடையாள அட்டையில் மட்டும்தான் அது இருக்கும். மற்றபடி வாசல் காவலாளி முதல் செய்தி ஆசிரியர் வரை எல்லாருக்கும் அவள் உருட்டக்கா.

செய்தி வாசிக்கிறவர் கேமராவைப் பார்த்துக்கொண்டே அரை மணி நேரம் தடங்கலில்லாமல் வாசிக்கிறாரே, அது மனப்பாடம் இல்லை. கேமராவுக்கு முன்னால் சாய்வாக ஒரு கண்ணாடி நிற்கும். அதன் அடியில் மல்லாக்கப் படுக்கவைத்த ஒரு திரை. திரையில் ஓடும் எழுத்து கண்ணாடியில் விழுந்து அவர் கண்ணுக்கு மட்டும் தெரியும். வீட்டில் பார்க்கிற நமக்குத் தெரியாது. அந்த எழுத்தைக் கீழிருந்து மேலே ஏற்றிவிட ஒரு ஆள் வேண்டும். கேமராவுக்கு இரண்டடி தள்ளி, இருட்டில், ஒரு முக்காலியில் உட்கார்ந்து, உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு குமிழைத் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். பதினேழு வருஷமாக அந்த ஆள் அவள்தான்.

பெயர் வைத்தவன் ஒரு கேமராமேன். வாய்க்கு வந்ததை அளந்துவிடுவதற்கும் உருட்டு என்றுதானே பெயர். அதை மனதில் வைத்துத்தான் வைத்தான். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. நான் உருட்டுகிறேன், சார் அளக்கிறார் என்று பதில் சொல்லிச் சிரித்தாள். பெயர் ஒட்டிக்கொண்டது.

சார் என்று அவள் சொன்னது செய்தி வாசிப்பவரை. மாலை ஏழரை மணிக்குச் செய்தி என்பதால் ஊர் அவருக்கு வைத்த பெயர் ஏழரை. 'ஏழரை வந்தாச்சா' என்று கடைவீதியில் யாராவது கேட்டால் அந்த ஊரில் ஒருவரும் பயப்பட மாட்டார்கள். டிவியைப் போடச் சொல்கிறார் என்று அர்த்தம். ஐம்பத்து நாலு வயசு. கொஞ்சம் கரகரத்த, ஆனால் சூடு ஆறாத குரல். அவர் சொன்னால் மழைகூட நம்பிப் பெய்யும் என்பார்கள்.

இருவருக்கும் நடுவில் பேச்சு குறைவு. மூச்சுதான் அதிகம். எழுத்து ஓடும் வேகத்தை இயந்திரம் முடிவு செய்வதில்லை, அவருடைய மூச்சு முடிவு செய்தது. அவர் உள்ளே இழுக்கும்போது எழுத்து ஒரு நூலளவு தயங்கும். விடும்போது நகரும். நல்ல செய்தி என்றால் கொஞ்சம் விரைவாக, சாவுச் செய்தி என்றால் நின்று நின்று. அவருக்குச் சளி பிடித்தால் மறுநாள் அவளுக்கும் நெஞ்சு கனக்கும். சேர்ந்து வாழ்கிற புருஷன் பெண்டாட்டிக்குக்கூட இப்படி மூச்சு ஒத்துப்போகாது என்று அவள் வீட்டுக்காரரே கேலி செய்வார்.

அந்த இருட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் ஒருவிதமான அரைத்தூக்கம் அவளுக்கு வந்துவிடும். கண் விழித்திருக்கும், கை வேலை செய்யும், மனசு மட்டும் எங்கோ நீரடியில் நடக்கிற மாதிரி இருக்கும். குளிர்ந்த காற்று காதோரம் ஊதும். வெள்ளை எழுத்துகள் கறுப்பிலிருந்து முளைத்து, மெல்ல ஏறி, கண்ணாடி விளிம்பில் கரைந்துபோகும். வேலை முடிந்து பேருந்தில் திரும்பும்போதும் அது நிற்காது. ஜன்னல்கள், விளக்குகள், மொட்டைமாடிக் கொடியில் தொங்கும் சட்டைகள் எல்லாமே கீழிருந்து மேலே வரிவரியாகப் போய்க்கொண்டிருக்கும். படுக்கவைத்த திரையில் எழுத்து கண்ணாடிப் பிம்பமாகத் திரும்பித்தான் இருக்கும். அதனால் இடவலம் மாறிய எழுத்தும் அவளுக்கு நேரான எழுத்தும் ஒன்றுதான். எது திரும்பியது, எது நேர் என்று சில நேரம் அவளுக்கே தெரியாது.

நிலையத்தை ஆரம்பித்தவர் ஊரில் ரேடியோ கடை வைத்திருந்தவர். வயசான பிறகு அதை ஒரு கம்பெனிக்கு விற்றுவிட்டார். கம்பெனிக்கு ஏற்கெனவே இருபத்தைந்து ஊர்களில் இருபத்தைந்து நிலையங்கள். இது இருபத்தாறாவது. கப்பல், சிமெண்ட், இன்னும் என்னென்னவோ அவர்களுக்கு இருக்கிறது என்றார்கள். ஊரின் வடக்கு ஓரத்தில் இருக்கிற கல்குவாரியும் அவர்களுடையதுதான் என்பது பிறகுதான் தெரியவந்தது.

முதல் வருஷம் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. நாற்காலிகள் புதுசாயின. கழிப்பறையில் நல்ல கண்ணாடி வந்தது. பிறகு தலைமை அலுவலகத்திலிருந்து சில பக்கங்கள் வர ஆரம்பித்தன. ஓரத்தில் சிவப்புக் கோடு போட்டிருக்கும். சிவப்புக் கோடு போட்டது என்றால் ஓர் எழுத்தும் மாற்றாமல் வாசிக்க வேண்டும். வாரத்துக்கு ஒன்று வந்தது. அப்புறம் தினம் ஒன்று. பழைய செய்தி ஆசிரியர் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார். அடுத்த மாதம் உடம்பு சரியில்லை என்று நின்றுவிட்டார். ஐந்து நிருபர்கள் இருவராயினர். முன்பெல்லாம் மாதத்துக்கு ஒரு தரமாவது கேமரா வடக்குத் தெருவுக்குப் போய், குவாரித் தூசி படிந்த கூரைகளையும் இருமுகிற ஜனங்களையும் காட்டும். இப்போது வண்டி பழுது, கேமரா பழுது, ஆள் இல்லை என்று ஏதாவது ஒன்று சொன்னார்கள்.

உருட்டக்கா அதையெல்லாம் தலைக்கு ஏற்றிக்கொள்ளவில்லை. வருவதைத் திரையில் ஏற்றுவாள், வரியை அவருக்கு மூச்சு வாங்கத் தோதாக உடைத்துவைப்பாள், உருட்டுவாள். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு விடுமுறை. அப்படி ஒரு ஞாயிறு சாயங்காலம், டிவியில் வேறொருவர் செய்தி வாசித்துக்கொண்டிருக்க, அவள் துணி மடித்துக்கொண்டே தன் அண்ணனோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். அண்ணன் இருப்பது ஒரு நாள் ரயில் பயணத்தில் இருக்கிற வேறு ஊர். பேச்சுக்கு நடுவில் எதிரொலி கேட்டது. அவள் வீட்டு டிவியில் வருகிற வாக்கியம் அரை நொடி கழித்து போனுக்குள்ளும் கேட்டது.

"அண்ணா, உங்க டிவி சத்தத்தக் கொஞ்சம் குறைங்க. எங்க ஊர் செய்தி அங்கயும் தெரியுதா என்ன?"

"உங்க ஊர் செய்திய நான் எதுக்கும்மா பாக்கறேன்? இது எங்க ஊர் செய்தி."

அவள் தன் டிவியின் சத்தத்தை அடைத்தாள். எதிரொலி அடங்கவில்லை. போனுக்குள் ஒரு பெண் குரல் வாசித்துக்கொண்டிருந்தது. எதிரே திரையில் ஒரு ஆணின் உதடுகள் அதே சொற்களுக்கு அசைந்துகொண்டிருந்தன. 'நம் ஊரின் நலனில் அக்கறை உள்ளவர்கள் என்ற முறையில்' என்று இருவருமே சொன்னார்கள். அந்த 'நம் ஊர்' எந்த ஊர் என்று அவளுக்கு ஒரு நொடி குழம்பிப்போனது. அண்ணன் என்னம்மா என்னம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மடித்த துணி மடியிலிருந்து சரிந்தது.

மறுநாள் பேருந்தில் போகும்போது விழித்தபடியே அவளுக்கு ஒரு காட்சி வந்தது. இருபத்தாறு இருட்டறைகள், ஒன்றுக்கு அடுத்து ஒன்றாக, ரயில் பெட்டிகள் போல. ஒவ்வொன்றிலும் ஒரு முக்காலி. ஒவ்வொரு முக்காலியிலும் அவளைப் போல ஒருத்தி. இருபத்தாறு கைகளும் ஒரே நேரத்தில் குமிழைத் திருகுகின்றன. ஒருத்தியும் இன்னொருத்தியைத் திரும்பிப் பார்க்கவில்லை. இறங்க வேண்டிய நிறுத்தம் போய் இரண்டு நிறுத்தம் தாண்டித்தான் அவளுக்கு நினைவு வந்தது.

அவள் வீட்டுக்காரருக்கு ஒரு தங்கை உண்டு. நாத்தனாரும் அண்ணியும் கூடப்பிறந்த மாதிரி. நாத்தனார் குடியிருப்பது வடக்குத் தெருவில், குவாரி லாரிகள் போகிற சாலையிலிருந்து நாலாவது வீடு. வீட்டிலேயே தையல். மருத்துவமனைகளுக்கு வெள்ளைக் கோட்டு தைத்துக் கொடுப்பாள். தனிக்கட்டை. தையல் மிஷினுக்குத் துணை டிவி.

அந்தச் சனிக்கிழமை காலையில் உருட்டக்கா போனபோது வீட்டின் ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. ஜன்னல் இடுக்குகளில் ஈரத்துணி திணித்திருந்தது. உள்ளே வெளிச்சம் பால்போல் மங்கி, எல்லாவற்றின் மேலும் மெத்தென்று படுத்திருந்தது. தைத்து முடித்த கோட்டுகள் பிளாஸ்டிக் உறைக்குள் தொங்கின. உறையின் தோள்பட்டையில் விரலை வைத்தால் விரல் பதிந்தது. வெளியே லாரி போகும்போதெல்லாம் கூரையிலிருந்து பொடி இறங்கியது. அவசரமே இல்லாமல், தூக்கத்தில் யாரோ மாவு சலிக்கிற மாதிரி அது இறங்கியது. பார்க்க அழகாகக்கூட இருந்தது. அதுதான் அவளுக்கு என்னவோ போலிருந்தது.

நாத்தனார் மிஷினை நிறுத்தி நிறுத்தி இருமினாள். இருமி முடித்ததும் ஏதோ தப்புச் செய்தவள் போல் சிரித்தாள். அரசு மருந்தகத்துக்குப் போனாயா என்று அண்ணி கேட்டதற்கு, போகவில்லை, எதற்குப் போக வேண்டும் என்றாள்.

"டிவியிலயே சொன்னாங்களே அண்ணி, அளவு எடுத்துப் பாத்தாங்களாம், தூசி பாதியா கொறஞ்சிருச்சாம். எனக்குத்தான் ஏதோ பிரமை போல. தனியா கெடக்கறேன்ல, சும்மா இருமல் வருது."

அந்தச் செய்தி செவ்வாய்க்கிழமை போனது. சிவப்புக் கோடு போட்ட பக்கம். ஒன்பது வரி. மூன்றாவது வரியில் மூச்சு வாங்க இடம் விட்டு உடைத்தது அவள்தான். அவள் முகம் வாடியதைப் பார்த்து நாத்தனார்தான் சமாதானம் சொன்னாள்.

"நீங்க அங்கதானே இருக்கீங்க. தப்பா இருந்தா விட்டுருவீங்களா?"

உருட்டக்கா தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள். டம்ளரின் அடியில் வெள்ளையாக ஒரு படிவு சுழன்று அடங்கியது.

வீட்டுக்காரர் குழாய் வேலை செய்கிறவர். ஊரில் அவர் கை படாத தண்ணீர்த் தொட்டி குறைவு. வடக்குத் தெருத் தொட்டிகளின் அடியில் அள்ளி எடுத்தால் சுவரே பூசலாம் என்று அவர் ரொம்ப நாளாகச் சொல்லிவருகிறார். அன்று சாப்பிட்டு எழுந்து கை கழுவிக்கொண்டிருந்தவரிடம் அவள் நடந்ததைச் சொன்னாள். நீ எழுதவில்லையே என்றார் அவர். எழுதவில்லைதான், ஆனால் நான் உருட்டாவிட்டால் அவரால் வாசிக்க முடியாதே என்றாள் இவள். அவர் குழாயை மூடிவிட்டு ஈரக் கையோடு திரும்பினார். குழாய் என்பது உள்ளே என்ன ஓடுகிறது என்று கேட்காது, கேட்கிற குழாய்க்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை என்றார்.

ஊராட்சித் தேர்தல் வந்தது. புதிதாக வரும் மன்றம்தான் குவாரி உரிமத்தைப் பத்து வருஷத்துக்குப் புதுப்பிக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும். வடக்குத் தொகுதியில் மருந்தகத்து நர்ஸ் ஒருத்தி நின்றாள். இருமலோடு வருகிறவர்களைத் தெருவாரியாக ஒரு நோட்டில் எழுதிவைத்திருக்கிறவள். அவளை எதிர்த்து நின்றவர் பழைய ஊராட்சித் தலைவருக்கு வேண்டியவர். ஆறு வாரத்தில் டிவியில் நர்ஸ் ஒரே ஒரு முறை வந்தாள். மேடைப் படியில் கால் தடுக்கி விழப்போன காட்சி அது. தலைவரும் அவருக்கு வேண்டியவரும் தினமும் வந்தார்கள். எதையாவது திறந்துவைத்தார்கள், யாரையாவது தட்டிக்கொடுத்தார்கள். உருட்டக்கா அத்தனைக்கும் எழுத்து உருட்டினாள். கை உருட்டியது, கண் மட்டும் வேறெங்கோ பார்த்தது. வேகம் தவறியதில்லை. ஆனால் பதினேழு வருஷத்தில் முதல்முறையாக அந்த அரை மணி நேரம் அவளுக்கு நீளமாகத் தெரிந்தது.

வாக்குப்பதிவுக்கு மூன்று நாள் முன்னால், வியாழக்கிழமை மத்தியானம், ஒரு சிவப்புக் கோட்டுப் பக்கம் வந்தது. ஒன்றரை நிமிஷம் வாசிக்க வேண்டியது. சிலர் தேர்தலுக்காகத் தூசியைப் பற்றிப் புரளி கிளப்புகிறார்கள் என்று ஆரம்பித்தது. பல வருஷமாக உங்கள் வீட்டுக்குள் வருகிற எங்களை நம்புங்கள் என்றது. நடுவில் ஒரு வரி: 'நானும் இந்த ஊர்தான், என் பிள்ளைகளும் இதே காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள்.'

அந்த வரியை உடைத்து வைக்கும்போது அவள் விரல் விசையின்மேல் நின்றது.

ஏழரைக்குப் பிள்ளைகள் இல்லை. அவரும் அவர் மனைவியும் பன்னிரண்டு வருஷம் மருத்துவமனை மருத்துவமனையாக ஏறி இறங்கினார்கள். பிறகு ஒரு நாள் போதும் என்று விட்டுவிட்டார்கள். நிலையத்தில் எல்லாருக்கும் இது தெரியும். யாரும் பேச மாட்டார்கள். பிள்ளைகள் சம்பந்தப்பட்ட செய்தி வந்தால் அவள் ஒரு இமைப்பொழுது வேகத்தைக் குறைப்பாள். அது அவருக்கும் தெரியும்.

மேலாளர் தலைமை அலுவலகத்திலிருந்து வந்தவர், இளைஞர். குரலை உயர்த்திப் பேசியதே இல்லை. கெட்டவர் என்று சொல்ல முடியாது. தண்ணீர் பிடிக்கிற இடத்தில் ஏழரை அவரிடம் அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிடச் சொல்லிக் கேட்டதை அவள் பக்கத்தில் நின்று கேட்டாள். என் கையில் இல்லை சார், ஊருக்கு ஊர் புரளிதான் மாறும், இருபத்தாறு ஊரிலும் இன்று இதே வரிதான், உங்களுக்கு மட்டும் எப்படி மாற்றுவது என்றார் மேலாளர். மற்ற இருபத்தைந்து பேருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டார் ஏழரை. கோபமாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்ட மாதிரி இருந்தது.

ஏழரை ஒப்பனை முடித்து வந்து உட்கார்ந்தார். விளக்குகள் எரிந்தன. வழக்கமாக அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். அன்று கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டே இருட்டின் பக்கம் பார்த்துச் சொன்னார்.

"இன்னைக்குக் கொஞ்சம் மெதுவாப் போம்மா."

முதல் பத்து நிமிஷம் எப்போதும்போல் போனது. பாலம் வேலை, பள்ளி விளையாட்டு விழா, ஒரு கடையில் தீ. பிறகு சிவப்புக் கோட்டுப் பக்கம் கறுப்பிலிருந்து முளைத்தது. அவர் வாசித்தார். குரலில் எந்த மாற்றமும் இல்லை. புரளி என்றார். எங்களை நம்புங்கள் என்றார். அவளுக்கு அந்த அரைத்தூக்கம் வந்துவிட்டது. காதோரம் காற்று. எழுத்துகள் நீருக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தன. நானும் இந்த ஊர்தான் என்றார். அடுத்த சொல் கண்ணாடியின் நடுவில் வந்து நின்றது.

நின்றுவிட்டது. அவர் மூச்சு நின்றதால் அவள் கை நின்றதா, அவள் கை நின்றதால் அவர் மூச்சு நின்றதா என்று பின்னால் எத்தனையோ பேர் கேட்டார்கள். அவளுக்கே தெரியாது. 'என் பிள்ளைகளும்' என்ற எழுத்து அசையாமல் அவர் முகத்துக்கு நேராக மிதந்தது. காதில் மாட்டியிருந்த கருவியில் மேலாளரின் குரல், அடுத்த வரி, அடுத்த வரி, உருட்டுங்க என்றது. அந்தக் குரல் எங்கோ அடுத்த வீட்டில் பேசுவது மாதிரி இருந்தது. பிறகு பதிவை ஓடவிட்டுப் பார்த்தவர்கள் ஒன்பது நொடி என்றார்கள். அவளுக்கு அது ஒரு மத்தியானம் முழுக்க நீண்ட மாதிரி இருந்தது. அவர் கண் கண்ணாடியைத் தாண்டி, எழுத்தைத் தாண்டி, அதற்குப் பின்னால் இருக்கிற கேமராவைப் பார்ப்பதை அவள் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவர் கேமராவைப் பார்த்தது அதுதான் முதல்முறை.

"எனக்குப் பிள்ளைங்க இல்ல" என்றார். "இத எழுதினவங்க என்னைப் பார்த்ததில்ல. நான் வடக்குத் தெருப் பக்கம் போயி ரெண்டு வருஷத்துக்கு மேல ஆகுது. அங்க காத்து எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியாது. அங்க குடியிருக்கிறவங்களுக்குத் தெரியும்."

அவ்வளவுதான். மறுபடி கண்ணாடியைப் பார்த்தார். அவள் என்ன செய்வாள் என்று காத்திருப்பது மாதிரி.

கை நின்றது வேண்டுமானால் கனவில் நின்றதாக இருக்கலாம். அதற்கு அடுத்து செய்ததை அவள் நன்றாக விழித்துக்கொண்டு செய்தாள். இன்னும் பதினோரு வரி பாக்கி இருந்தது. குமிழை ஒரே திருகாகத் திருகினாள். பதினோரு வரியும் புகை மாதிரி விர்ரென்று மேலே ஏறிப் போயின. ஒருவர் வாயிலும் படாமல் போயின. வானிலையில் கொண்டுவந்து நிறுத்தினாள். நாளை வடக்கிலிருந்து மிதமான காற்று வீசும் என்று ஏழரை வாசித்தார். மூச்சு சீராக இருந்தது.

நடுவில் விளம்பரத்துக்கு மாற்றியிருக்கலாமே என்று கட்டுப்பாட்டு அறையில் இருந்தவரைக் கேட்டார்கள். பட்டனைத் தேடினேன் சார், கிடைக்கவில்லை என்றாராம். பதினோரு வருஷமாகத் தினமும் அழுத்துகிற பட்டன்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் போன் அடித்தது. நாத்தனார். பின்னால் தையல் மிஷின் சத்தம் இல்லை, டிவி சத்தமும் இல்லை.

"அப்ப என் தொண்டை சொன்னது சரிதான் போல, அண்ணி" என்றாள்.

மறுநாளே அண்ணியும் வீட்டுக்காரருமாக அவளை மருந்தகத்துக்குக் கூட்டிப்போனார்கள். நர்ஸ் நோட்டை எடுத்துத் தெருப் பெயரைப் பார்த்து, நாலாவது வீடா, உங்களைத்தான் காணோமே என்று நினைத்தேன் என்றாளாம். படம் எடுத்துப் பார்த்ததில் ஒரு பக்க நுரையீரலில் நிழல் இருந்தது. மருந்தும், வீடு மாற வேண்டும் என்ற யோசனையும் கிடைத்தன. நாத்தனார் தையல் மிஷினோடு அண்ணன் அண்ணி வீட்டு முன்னறைக்கு வந்து சேர்ந்தாள்.

ஏழரையை அன்றே போகச் சொல்லிவிட்டார்கள். உருட்டக்காவை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். சுவரில் இருந்த திரையில் தலைமை அலுவலகத்திலிருந்து மூன்று முகங்கள் தெரிந்தன. இளம் மேலாளர் அவளுக்காக வழி ஒன்று கண்டுபிடித்து வைத்திருந்தார். இயந்திரக் கோளாறு என்று ஒரு கடிதம் தயாராக இருந்தது. கையெழுத்துப் போட்டால் வேலை நிலைக்கும். அவர் மனசாரச் செய்த உதவி அது. ஒரு நாள் யோசிக்கட்டும் என்று முகங்கள் அனுமதி கொடுத்தன.

அவள் அந்தக் கடிதத்தை வீட்டுக்கு எடுத்துவந்து மேசையில் வைத்துக்கொண்டு பார்த்தபடி இருந்தாள். நல்ல கடிதம். பிழை இல்லாத கடிதம். யாரோ எழுதி, இன்னொருவர் வாயால் சொல்லவைக்கிற கடிதம். வேலை போனால் கஷ்டம்தான் என்று அவளுக்குத் தெரியும். அந்த முக்காலியையும் இருட்டையும் விட்டால் தனக்கு வேறு இடம் தெரியாது என்றும் தெரியும். அழுகை வந்தது, அழுதாள். வீட்டுக்காரர் இப்படிச் செய், அப்படிச் செய் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. முன்னறையில் நாத்தனாரின் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் கடிதத்தை மடிப்புக் கலையாமல் திருப்பிக் கொடுத்தாள்.

"மெஷின் நல்லாத்தான் இருந்துச்சு சார். வானிலைக்குப் போனது நான்."

முகங்களில் ஒன்று ஏதோ குறித்துக்கொண்டது. மேலாளர் அவளை வாசல் வரை வந்து வழியனுப்பினார். அவளுக்காகக் கதவைத் திறந்து பிடித்தார்.

வடக்குத் தொகுதியில் நர்ஸ் நாற்பத்தொரு வாக்கில் ஜெயித்தாள். மற்ற தொகுதிகளில் பெரும்பாலும் தலைவரின் ஆட்களே வந்தார்கள். அந்த நாற்பத்தொன்று ஒன்பது நொடியால் வந்ததா, நோட்டால் வந்ததா, இருமலால் வந்ததா என்று யாரும் கண்டுபிடித்துச் சொல்ல முடியாது. குவாரி உரிமம் புதுப்பிக்கப்பட்டது. பத்து வருஷத்துக்கு அல்ல, மூன்று வருஷத்துக்கு. லாரிச் சாலையில் காலையும் மாலையும் தண்ணீர் அடிக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை சேர்ந்தது. அடிக்கிறார்கள், சில நாள் அடிப்பதில்லை. நிலையத்தில் இப்போது எழுத்தை உருட்ட ஆள் இல்லை. வாசிப்பவரின் குரலைக் கேட்டு இயந்திரம் தானே நகர்த்திக்கொள்கிறதாம்.

ஏழரை தன் மைத்துனரின் மூக்குக் கண்ணாடிக் கடையில் உட்கார்ந்திருக்கிறார். கண் பரிசோதனைக்கு வருகிறவர்கள் சுவரில் இருக்கும் எழுத்துப் பலகையை வாசிக்காமல், நீங்களே ஒருதரம் வாசிங்களேன் சார் என்று அவரைக் கேட்கிறார்கள். அவரும் செய்தி வாசிப்பது மாதிரியே வாசித்துக் காட்டுகிறார். கடையில் கூட்டம் கூடியிருக்கிறது. வழியில் பார்த்தால் அவளிடம் அதிகம் பேச மாட்டார். நின்று, ஒரு மூச்சு இழுத்துவிட்டு, நல்லா இருக்கியாம்மா என்பார். அவளும் நல்லா இருக்கேன் சார் என்பாள்.

நாலு மாதம் அவள் வீட்டில் சும்மா இருந்தாள். நாத்தனாருக்குப் பித்தான் தைத்துக் கொடுத்தாள். கைக்கு என்னவோ பிடிபடவில்லை. மன்றக் கூட்டத்தைக் காது கேளாதவர்களும் புரிந்துகொள்ள, உறுப்பினர்கள் பேசுவதை உடனுக்குடன் திரையில் எழுத்தாக அடிக்க ஆள் தேவை என்று மன்ற அலுவலகப் பலகையில் அறிவிப்பு ஒட்டியிருந்ததை வீட்டுக்காரர்தான் பார்த்துவந்தார். அங்கே குழாய் மாட்டப் போயிருந்தார். அவள் தேர்வு எழுதினாள். வேகம் போதாது என்று முதல்முறை திருப்பி அனுப்பினார்கள். வீட்டில் நாத்தனாரைப் பேசவைத்து அடித்துப் பழகினாள். நாத்தனார் இப்போது குறைவாகத்தான் இருமுவாள், ஆனால் நிறுத்தாமல் பேசுவாள். இரண்டாவது முறை எடுத்துக்கொண்டார்கள்.

முதல் கூட்டம் ஒரு காலைப் பொழுது. பெரிய ஜன்னல்கள், நல்ல வெளிச்சம். இருட்டே இல்லாத இடத்தில் வேலை செய்வது அவளுக்குக் கூச்சமாக இருந்தது. உறுப்பினர்கள் ஒருவர் மேல் ஒருவர் பேசினார்கள். பாதி வாக்கியத்தில் நிறுத்தினார்கள், சொன்னதை மாற்றினார்கள், இருமினார்கள், சிரித்தார்கள். யார் எப்போது மூச்சு வாங்குவார்கள் என்று முன்கூட்டித் தெரியவில்லை. அவர்கள் சொன்ன பிறகுதான் எழுத்து வரும். அவள் பின்னாலேயே ஓடினாள். நர்ஸ் லாரிச் சாலையைப் பற்றி, தண்ணீர் அடிக்காத நாட்களைத் தேதியோடு சொல்லி, வேகவேகமாகப் பேசினாள். உருட்டக்காவுக்கு நெற்றி வியர்த்துவிட்டது.

கூட்டம் கலைந்ததும் முன்வரிசையில் இருந்த ஒருவர் அவள் மேசைக்கு வந்தார். தச்சர், காதில் பென்சில் செருகியிருந்தார், சட்டையில் மரத்தூள். காது கேளாதவர். பென்சிலை எடுத்து அவள் தாளின் ஓரத்திலேயே எழுதி, அவள் பக்கம் திருப்பினார்.

'எங்கள் தெருப் பெயரில் ஒரு கால் விட்டுப்போய்விட்டது. தெரு நொண்டுகிறது.'

அவள் திரையைப் பார்த்தாள். உண்மைதான். துணைக்கால் ஒன்று விட்டுப்போயிருந்தது. அவர் எதிரிலேயே அதைச் சேர்த்தாள். அவர் திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்து, தெரு இப்போது நடக்கிறது என்று இரண்டு விரலால் மேசைமேல் நடந்து காட்டிவிட்டுப் போனார்.